தாம்பரத்தில் குதிரை மேடம்

குதிரையேற்றம் சொல்லித் தருகிற தொழிலில் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குப் பாடம் நடத்த வேண்டும். ஒருவர் ஃபீஸ் கட்டியவர், இன்னொருவர் கொள்ளு தின்பவர், பாடத்தைக் கவனிப்பவர் பெரும்பாலும் இரண்டாமவர்தான்.

நீங்கள் டிரைவிங் ஸ்கூலில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, உயிரைக் கையில் பிடித்தபடி சம்பளம் வாங்கியவராக இருக்கலாம். நீச்சல் சொல்லித் தரப் போய், கற்றுக்கொள்ள வந்தவர் கழுத்தைக் கட்டிக்கொண்டதில் அவரோடு சேர்ந்து தண்ணீர் குடித்தவராக இருக்கலாம். ஒன்பதாம் வகுப்புக்கு அல்ஜீப்ரா எடுத்தவராகக்கூட இருக்கலாம். நாமெல்லாம் ஒரே இனம். ஒரு வித்தியாசம்தான். உங்கள் கரும்பலகை உங்களைக் கடித்திருக்காது. என்னுடையது கடித்தது, மிதித்தது, ஒரு முறை என் மதியச் சாப்பாட்டை டிபன் பாக்ஸ் மூடியோடு சேர்த்து மென்றது.

எண்பதுகளின் நடுவில் தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு தனியார் கல்லூரியில் குதிரையேற்ற வகுப்பு தொடங்கினார்கள். கல்லூரிச் செயலாளருக்குக் கிண்டி ரேஸில் குதிரை ஓடவிடும் நண்பர் ஒருவர் இருந்தார். ஓடி ஓய்ந்த நான்கு குதிரைகளை என்ன செய்வது என்று அந்த நண்பருக்குத் தெரியவில்லை. புதுக் கல்லூரியில் பிள்ளைகளைச் சேர்க்க என்ன செய்வது என்று செயலாளருக்குத் தெரியவில்லை. இரண்டு தெரியாமைகளும் சேர்ந்து, 'குதிரையேற்றமும் கற்பிக்கப்படும்' என்று விளம்பரமாக வெளிவந்தன.

இன்டர்வியூ

நான் வசந்தி. என் அப்பா கிண்டியில் ஒரு குதிரைப் பயிற்சியாளரிடம் வேலை பார்த்தவர். லாயத்துக்குப் பின்னால்தான் எங்கள் வீடு. சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்ளும் முன்பே குதிரை ஓட்டக் கற்றுக்கொண்டேன். சைக்கிள் வாங்க வசதியில்லை, குதிரை இலவசம். உடற்கல்விப் பட்டம் வாங்கிவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தபோது இந்த விளம்பரம் கண்ணில் பட்டது. அப்பா ஓய்வு பெற்று, நாங்கள் குரோம்பேட்டைக்கு வந்திருந்த நேரம்.

செயலாளர் பரம்பரையாக அந்த ஊர் நிலக்காரர். கல்லூரி நின்ற இடமே அவர் குடும்பம் நெல் போட்ட இடம்தான். இன்டர்வியூவில் என் சர்ட்டிஃபிகேட்டுகளைத் திறக்கவே இல்லை. "குதிரை மேலேர்ந்து வுழுந்திருக்கியாம்மா?" என்று மட்டும் கேட்டார். நிறைய என்றேன். எங்கெங்கே அடிபட்டது என்று கேட்டார். சொல்லக்கூடிய இடங்களை மட்டும் சொன்னேன். மணியடித்து டீ வரவழைத்தார்.

"நாளைக்கே சேந்துக்கோ. இதுக்கு முன்னாடி வந்த மூணு பேரும் ஒரு தடவகூட வுழுந்ததே இல்லன்னாங்க. எவனும் குதிரையக் கண்ணாலகூடப் பாத்ததில்ல போல."

தபேதார்

என்னோடு சேர்ந்த இன்னொரு ஆசிரியர் துரைக்கண்ணு. குடியாத்தத்துக்காரர். ராணுவக் குதிரைப் பிரிவில் தபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். ராணுவத்தில் தபேதார் என்றால் ஹவில்தாருக்குச் சமமான பதவி. நம் ஊரில் தபேதார் என்றால் கலெக்டர் ஆபீஸில் வெள்ளை உடுப்பில் குறுக்கே சிவப்புப் பட்டை போட்டுக்கொண்டு கார் கதவைத் திறந்துவிடுகிறவர். கல்லூரி அலுவலகத்துக்கு இரண்டாவது வகைதான் தெரியும்.

ஆண்டு விழாவுக்குப் பெரிய அரசு அதிகாரி ஒருவர் வந்தார். "தபேதார் போர்ட்டிகோவில் நிற்கவும்" என்று அலுவலகத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். கார் கதவைத் திறக்க ஆள் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. தன்னை மரியாதை அணிவகுப்புக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்பது இவர் கணக்கு. முழங்கால் வரை பூட்ஸ், நெஞ்சில் மெடல்கள், விறைத்த மீசையோடு வந்து நின்றார். கார் நின்றதும் ஒரு சல்யூட் அடித்தார் பாருங்கள், அந்த பூட்ஸ் சத்தத்தில் அதிகாரி மறுபடி காருக்குள் போய்விட்டார்.

முன் சீட்டிலிருந்து அதிகாரியின் சொந்தத் தபேதார் இறங்கினார். சிவப்புப் பட்டையைச் சரிசெய்துகொண்டு, துரைக்கண்ணுவின் காலை நெடுநேரம் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் கேட்டார்.

"அண்ணே, உங்களுக்கு எந்த டிபார்ட்மெண்ட்? எங்க ஆபீஸ்ல செருப்புக்கே எழுதிப்போட்டு உக்காந்திருக்கோம்."

யாரிடம் முதலில் சொல்வது

குதிரைகளுக்கு ரேஸில் வைத்த பெயர்கள் பிரமாதமானவை. பேலஸ் சீக்ரெட் என்ற கறுப்புக் குதிரை, கோபக்காரன். மார்னிங் பிரேயர் என்ற பழுப்புப் பெண் குதிரை, சோம்பேறி. மற்ற இரண்டும் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் செய்ததில்லை. ஒவ்வொரு வகுப்பிலும் அப்படி இரண்டு பேர் இருப்பார்கள்.

துரைக்கண்ணு கட்டளையெல்லாம் ராணுவ இந்தியில்தான் கொடுப்பார். 'துல்கி' என்றால் குலுங்கிக் குலுங்கி ஓடுகிற ஓட்டம். அவருக்குக் கண்டாமணி மாதிரி குரல். முதல் மாதமே நான்கு குதிரைகளும் அந்த வார்த்தையைக் கற்றுக்கொண்டுவிட்டன. பிள்ளைகள் கற்றுக்கொள்ளவில்லை. பி.காம். படித்த கார்த்திக் அப்போதுதான் ஒரு காலைச் சேணத்துக்கு அந்தப் பக்கம் போட்டுக்கொண்டிருந்தான். "எல்லாரும் ரெடியானதும் நான் துல்கின்னு சொல்லுவேன்" என்று துரைக்கண்ணு விளக்கம் சொல்லத் தொடங்கினார். விளக்கம் முடிவதற்குள் நான்கு குதிரைகளும் மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்தன. அதில் மூன்றின் மேல் ஆள் இல்லை. ஒன்றின் மேல் கார்த்திக் குறுக்குவாட்டில், துவைத்துக் காயப்போட்ட பேண்ட் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தான்.

அடுத்த வகுப்பில் துரைக்கண்ணு அந்த வார்த்தையைக் கிசுகிசுத்துப் பார்த்தார். குதிரைக் காதுக்குக் கிசுகிசுப்பு இன்னும் நன்றாகக் கேட்கிறது என்று தெரிந்தது. முட்டியில் மண்ணைத் தட்டிக்கொண்டே கார்த்திக் எழுந்து வந்தான்.

"சார், எதுவா இருந்தாலும் முதல்ல என்கிட்ட சொல்லுங்க சார். அப்புறம் அதுகிட்ட சொல்லுங்க."

ரயில்வே கேட்

எங்கள் லாயம் செயலாளர் குடும்பத்தின் பழைய ரைஸ் மில் கொட்டகையில் இருந்தது. மைதானம் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். நடுவில் ஒரு ரயில்வே கேட். தினமும் காலையில் ஸ்கூட்டர், லாரி, பால் வண்டி, செங்கல்பட்டு பஸ் எல்லாவற்றோடும் சேர்ந்து நாங்களும் கேட் திறக்கக் காத்திருக்க வேண்டும்.

ஒரு நாள் நான் பேலஸின் மேல் இருந்தேன். கேட்டுக்கு முன்னால் வண்டிகள் நெருக்கி நின்றன. எல்லாரும் எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டிருந்தார்கள். பேலஸின் காதுகள் இரண்டும் முன்னால் விறைத்தன. எனக்குக் கீழே அவன் உடம்பு இறுகுவது தெரிந்தது. கிண்டியில் பந்தயம் தொடங்குவதும் இப்படித்தான். இடமும் வலமும் நெருக்கமாக நிறுத்தி, சட்டென்று கேட்டைத் திறப்பார்கள். இது என் மூளைக்கு எட்டிய அதே நொடியில் கேட் மேலே போனது.

பேலஸ் தண்டவாளத்தைத் தொட்டானா என்றே எனக்குத் தெரியாது. ஸ்கூட்டர்களைத் தாண்டினோம், லாரியைத் தாண்டினோம். பஸ் கண்டக்டர் படியில் தொங்கியபடி எங்களுக்கு விசிலடித்தார். ஜி.எஸ்.டி. ரோடு திருப்பத்தில், தான் ஜெயித்துவிட்டதாக அவனே முடிவு செய்துகொண்டு நின்றான். நான் அவன் கழுத்து மயிரைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தபோது ஒரு ஆட்டோ மூச்சிரைக்க வந்து பக்கத்தில் நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டிக் குதிரையை ஏற இறங்கப் பார்த்தார்.

"யக்கா, இது பேலஸ் சீக்ரெட்டு தான? கிண்டில இதும் மேல நான் பணம் கட்டனப்பல்லாம் கடசீல தான் வந்துகினு இருந்துச்சு. இப்ப மட்டும் இன்னா அவுசரம் அதுக்கு?"

தனித்தமிழ்

சனிக்கிழமைகளில் பேராசிரியர்களும் சவாரி கற்றுக்கொள்ளலாம் என்று செயலாளர் சலுகை கொடுத்திருந்தார். வந்தவர் ஒரே ஒருவர், தமிழ்த்துறைத் தலைவர் இளமாறன். மாணவப் பருவத்தில் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் தடியடி வாங்கியவர். முதல் நாளே துரைக்கண்ணுவிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார், இந்தியில் கட்டளை வந்தால் தான் கீழ்ப்படிவதாக இல்லை என்று. துரைக்கண்ணு பாவம், 'நட', 'ஓடு', 'நில்' என்று மூன்று வார்த்தைகளோடு தமிழுக்கு மாறினார். பேராசிரியர் அவற்றை 'நடக்க', 'விரைக', 'நிற்க' என்று திருத்திக் கொடுத்தார். அவருக்குக் கொடுத்திருந்த மார்னிங் பிரேயர் எந்த மொழியிலும் விரைகிற ஜன்மம் இல்லையென்பதால் சில வாரங்கள் சண்டையில்லாமல் போனது.

ஒரு வெயில் நாளில் ஏரிக்கரைப் பக்கம் கூட்டிப்போனோம். ஓரத்துத் தண்ணீரில் பிரேயர் முழங்கால் நனைய இறங்கி நின்றாள். முன்னங்காலால் தண்ணீரை அடிக்க ஆரம்பித்தாள். குதிரை அப்படி அடித்தால் படுத்துப் புரளப்போகிறது என்று அர்த்தம். உடனே குதிகாலால் விலாவில் ஓங்கி உதைத்து முன்னால் கிளப்ப வேண்டும். கரையிலிருந்து துரைக்கண்ணு அதையே ராணுவ இந்தியில் அடித்தொண்டையில் கத்தினார், "ஏட் லகாவ், சார், ஏட் லகாவ்." பேராசிரியர் முதுகை நிமிர்த்திக்கொண்டு, "தமிழில் சொல்லுங்கள்" என்றார். துரைக்கண்ணுவுக்கு அந்தப் பதற்றத்தில் தமிழ் வரவில்லை. "அது வந்து சார், காலு... காலோட பின்னாடி இருக்குமே..." என்று தன் பூட்ஸைத் தூக்கிக் காட்டினார். பேராசிரியர் அந்த பூட்ஸை ஆர்வத்தோடு பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிரேயரின் முழங்கால்கள் மடங்கின.

நானும் ஓடிப்போய்க் கைகொடுத்தேன். கழுத்துவரை நனைந்து, தோளில் ஆகாயத்தாமரையோடு, தமிழ்த்துறைத் தலைவர் எழுந்து நின்றார். பக்கத்தில் பிரேயர் நான்கு காலையும் மேலே தூக்கிப் புரண்டுகொண்டிருந்தாள். கண்ணாடியைக் கழற்றித் தண்ணீரை உதறிவிட்டுச் சொன்னார்.

"அந்த ஒரு சொல்லை மட்டும் படித்து வைத்துக்கொண்டு, மற்றதை எதிர்த்திருக்கலாம், தபேதார்."

பெண் பார்க்க வந்தார்கள்

எனக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. அப்பா மாப்பிள்ளை பார்த்தார். வருகிறவர்களிடம் "பொண்ணு காலேஜ்ல ஸ்டாஃப்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பல்லாவரத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பையன் பேங்கில் வேலை. அதற்கு முந்தின நாள் பிரேயர் என் பாதத்தின் மேல் சாவகாசமாக நின்றிருந்தாள். நான் காபி தட்டோடு நொண்டிக்கொண்டே வந்தேன். பையனின் அம்மா கப்பைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார்.

"கால்ல ஏதாவது குறையா?" என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா வாய் திறப்பதற்குள், "குறை ஒண்ணுமில்ல மாமி, குதிரை மிதிச்சிடுச்சு" என்றேன். குறை என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு அமைதி வந்திருக்காது. என்ன வேலை என்று விளக்கினேன். கேட்டுவிட்டு, "கல்யாணத்துக்கப்புறம் விட்டுடுவே இல்லியா?" என்றார். பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். விடமாட்டேன் என்றேன். கேசரியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

விளையாட்டாகச் சொல்கிறேனே தவிர, அன்றைக்கு வலித்தது. அந்தக் குடும்பத்துக்காக இல்லை. என்னைப் பற்றி வெளியில் சொல்ல அப்பாவுக்கே கூச்சம் என்று தெரிந்ததுதான் வலித்தது. மறுநாள் லாயத்தில் கொள்ளுத் தொட்டி ஓரமாக உட்கார்ந்து சத்தம் வராமல் அழுதேன். எங்கள் குதிரைகளைப் பராமரித்த காசிம் பாய் பார்த்துவிட்டார். கிண்டியில் என் அப்பாவையே தெரிந்தவர். பிரேயரைத் தேய்த்துக்கொண்டே விஷயம் முழுவதையும் கேட்டார். தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"வுடும்மா. உன் கால மெரிச்சுது பாரு, அது காலைல நீ வந்தா கழுத்த நீட்டிக்கினு பாக்குது. அந்தம்மா உன்ன அப்டி பாத்திருக்குமா?"

அங்கவடி

சேணத்தின் இரண்டு பக்கமும் கால் வைக்கத் தொங்கும் இரும்பு வளையத்துக்கு அங்கவடி என்று பெயர். எங்கள் அங்கவடிகள் எல்லாம் துருப்பிடித்து ஒவ்வொன்றாக முறிய ஆரம்பித்தன. புதிது வாங்க வடக்கே ஆள் அனுப்ப வேண்டும் என்றார்கள். செயலாளர், "வளையம்தானம்மா, திருமுடிவாக்கம் பக்கம் செஞ்சு குடுத்துட மாட்டானா?" என்று, தெரிந்த ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பினார்.

ஒர்க்‌ஷாப் முதலாளி செல்வராஜ். கையெல்லாம் கிரீஸ். உடைந்த அங்கவடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எவ்வளவு லோடு தாங்கணும் மேடம்?" என்று கேட்டார். ஆளுக்கு ஆள் மாறும் என்றேன். அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு வாரத்தில் செய்து முடித்து அவரே எடுத்துக்கொண்டு வந்தார். டெலிவரி கொடுக்கும் முன் தானே ஏறிச் சோதித்துப் பார்ப்பேன் என்று பிடிவாதம் பிடித்தார். அவர் இதுவரை ஏறிய உயரமான வாகனம் டி.வி.எஸ். மொபெட். துரைக்கண்ணு ஏற்றிவிட்டார். குதிரை பத்தடி நடந்தது. அதற்கு மேல் செல்வராஜ் அதன் மேல் இல்லை.

ஓடிப்போய்ப் பார்த்தேன். மண்ணில் கிடந்தவர் என்னைப் பார்க்கவில்லை, வலியென்று சொல்லவில்லை. எழுந்து போய் அங்கவடியைத்தான் கையில் எடுத்தார். வெல்டிங்கை விரலால் தடவிப் பார்த்தார். இந்த மனிதரைத்தான் ஒரு வருஷம் கழித்து நான் கல்யாணம் செய்துகொண்டேன். அன்றைக்கு அது தெரியாமல், அடிபட்டதா என்று கேட்டேன்.

"ஜாப் கரெக்டா இருக்கு மேடம். உக்காந்த ஆளுதான் அலைன்மெண்ட் அவுட்."

தண்டவாளம்

சுபாஷிணி பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம். ஒல்லியான பெண், அதிகம் பேசமாட்டாள். பேலஸை அடக்க எங்கள் மாணவர்களில் அவளால் மட்டும்தான் முடிந்தது. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்கு அவளைத் தயார் செய்துகொண்டிருந்தோம். அந்த நேரத்தில் ஒரு நாள் பேலஸ் மிரண்டு பாய்ந்தான். அவள் கடிவாளத்தைப் பலங்கொண்டு இழுத்தாள். இழுக்க இழுக்க அவன் இன்னும் வேகம் எடுத்தான். வேலி ஓரம் அவள் கீழே விழுந்ததில் காறை எலும்பு முறிந்தது.

அடுத்த நாள் அவள் அப்பா வந்தார். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையில் ஓடும் மின்சார ரயிலின் டிரைவர், மோட்டார்மேன் என்பார்கள். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்து நானும் துரைக்கண்ணுவும் பதில்களெல்லாம் தயாராக வைத்திருந்தோம். அவர் சத்தமே போடவில்லை. மகளை இனிமேல் குதிரை ஏற விடமாட்டேன் என்று ஒரே வரியில் சொன்னார். செயலாளருக்கு வியர்த்துவிட்டது. "இனிமே யாரும் வுழ மாட்டாங்கன்னு எழுதிக் குடுய்யா" என்று துரைக்கண்ணுவைப் பார்த்தார். துரைக்கண்ணு, "அத எப்டி சார் எழுதறது? வுழுந்தா தூக்கறதுக்கு நான் பக்கத்துல இருப்பேன், அத வேணா எழுதித் தரேன்" என்றார். எல்லாப் பெற்றோரும் மறுபடி சம்மதம் சொல்லும் வரை வகுப்பு கிடையாது என்று செயலாளர் அங்கேயே அறிவித்தார். முதல் ஆள் இவர் சம்மதிக்காமல் மற்றவர்கள் யார் சம்மதிப்பார்கள்? எங்கள் வேலை அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

வெளியே வந்தபோது அவர் என்னிடம் கேட்டார், மிரண்டு ஓடும் குதிரையை எப்படி நிறுத்துவீர்கள் என்று. இழுத்து நிறுத்த முடியாது, வட்டமாகத் திருப்பித் திருப்பி, வட்டத்தைச் சின்னதாக்கித்தான் நிறுத்த வேண்டும், பதறாமல் இருந்தால் முடியும், அவள் அன்றைக்குப் பதறிவிட்டாள் என்றேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார்.

"பாதையில ஆள் வந்தா என் வண்டி நிக்காது மேடம். பிரேக்கைப் போட்டுட்டு உக்காந்து பார்க்கத்தான் முடியும். பார்த்திருக்கேன். நிக்காத வண்டி குடும்பத்துக்கு ஒண்ணு போதும்."

வட்டம்

கட்டு போட்ட கையோடு சுபாஷிணி தினமும் லாயத்துக்கு வந்தாள். ஏறக் கேட்கவில்லை, நாங்களும் ஏற்றவில்லை. ஒரு கையால் பேலஸைத் தேய்த்துவிட்டுப் போவாள். எலும்பு கூடி டாக்டர் சரியென்றதும், அவளே அப்பாவிடம் போய் ஒரே ஒரு தடவை வந்து பாருங்கள், அதன் பிறகு நீங்கள் சொல்வதுதான் என்று கேட்டிருக்கிறாள். லீவு நாளில் வந்தார். மைதானத்து வேலிக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். உள்ளே வரமாட்டேன் என்றார்.

பேலஸ் நடந்தான், துல்கி ஓடினான், தங்கம் மாதிரி இருந்தான். நான் மூச்சுவிட ஆரம்பித்தேன். அப்போது ரயில் பாதையில் ஒரு கூட்ஸ் வண்டி நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. பேலஸ் தலையைத் தூக்கினான், பிறகு தலைதெறிக்க ஓடினான். அவள் அப்பா வேலிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கண்ணை மூடவில்லை. மூடிக்கொள்வார் என்று நினைத்தேன்.

அவள் இழுக்கவில்லை. பின்னால் சாய்ந்து, சேணத்தில் ஒட்டிக்கொண்ட மாதிரி உட்கார்ந்தாள். ஒரு பக்கக் கடிவாளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்பக்கம் விலக்கிப் பிடித்தாள். மைதானத்தையே அளக்கிற மாதிரி பெரிய வட்டம். அப்புறம் அதில் பாதி. அப்புறம் அதிலும் பாதி. கடைசியில் மாட்டுவண்டி திரும்பும் அளவுக்கு ஒரு வட்டம் வந்து, பேலஸ் நின்றான். அவன் விலா ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் முகத்தில் ரத்தமே இல்லை. மெதுவாக நடத்திக்கொண்டு அப்பா நின்ற இடத்துக்குக் கொண்டுவந்தாள். கூட்ஸ் வண்டி முழுவதும் போய்ச் சத்தம் அடங்கும் வரை அவர் அந்தக் குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கம்பியிலிருந்து கையை எடுத்தார்.

"எனக்குத் திருப்ப வழியில்ல. இவளுக்கு இருக்கு, திருப்பிட்டா. கிளாஸ்ல சேர்த்துக்குங்க மேடம். ஆனா நான் இன்னொரு தடவை வந்து பார்க்க மாட்டேன், என்னைக் கூப்பிடாதீங்க."

பரிசு

மற்ற பெற்றோரும் சம்மதித்து வகுப்பு மறுபடி தொடங்கியது. போட்டியில் சுபாஷிணிக்கு இரண்டாம் பரிசு. பரிசளிப்பில் மைக் பிடித்தவர், "தாம்பரத்திலிருந்து வந்திருக்கும் பேலஸ் சீக்ரெட்" என்று குதிரையின் பெயரை முழுசாக வாசித்தார். அதன் அப்பா பெயர், அம்மா பெயர், கிண்டியில் அது ஓடிய வரலாறு எல்லாம் வாசித்தார். மேலே உட்கார்ந்திருந்தவள் பெயர் அவரிடம் இல்லை. கோப்பையை வாங்கிக்கொண்டு இறங்கிய சுபாஷிணி, நான் பார்த்து முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தாள்.

"மேடம், டிகிரியும் அதுக்கே குடுத்துடச் சொல்லுங்க. எனக்கு அரியர்ஸ் இருக்கு."

புதுக் கட்டிடம்

தொண்ணூறுகள் நடந்துகொண்டிருந்தன. விளம்பரத்தில் 'குதிரையேற்றம்' இருந்த இடத்துக்குக் 'கம்ப்யூட்டர்' வந்தது. எங்கள் மைதானத்தில் அஸ்திவாரம் தோண்டினார்கள். குதிரைகள் கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு சவாரிப் பள்ளிக்குப் போயின. காசிம் பாயும் கூடவே போனார். சம்பளம் அங்கே அதிகம் என்று மூன்று மாதம் கழித்து வந்து பெருமையடித்தார். துரைக்கண்ணு குடியாத்தத்துக்குப் போய் பால் வியாபாரம் ஆரம்பித்தார். மாடுகள் சொன்னபடி வரிசையில் நிற்பதாகக் கேள்வி. நான் அதே கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியையாக டென்னிக்காய்ட் வளையம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு தடவை செயலாளரிடம் போய்ச் சண்டை போட்டேன். அத்தனை வருஷம் சேர்ந்து நடத்திய வகுப்பை ஒரு வார்த்தை கேட்காமல் மூடிவிட்டீர்களே என்றேன். அவர் கோபப்படவில்லை. ஏசி போட்ட புது அறைக்குக் கூட்டிப்போய், பிளாஸ்டிக் உறை பிரிக்காத கம்ப்யூட்டர்களை வரிசையாகக் காட்டினார். ஒன்றின் தலையில் செல்லமாகத் தட்டினார்.

"நீயே பாரும்மா. கொள்ளு கேக்காது, லத்தி போடாது, எந்தப் புள்ளையோட அப்பனும் என் ரூமுக்கு வந்து நிக்க மாட்டான்."

இப்போதும் மேடவாக்கத்திலோ கோவிலம்பாக்கத்திலோ என் பழைய மாணவர் யாரையாவது காய்கறிக் கடையில் பார்த்தால், நான் சொல்லிக் கொடுத்ததில் அவர்களுக்கு ஞாபகம் இருப்பது முதல் வகுப்புக்கு மறுநாள் மாடிப்படி இறங்க முடியாமல் தவித்தது மட்டும்தான் என்பதால், என் பாடம் மூளையில் ஏறவில்லையென்றாலும் தொடையிலாவது நின்றது என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.